அத்தைகளை அழைத்துவரும் மேளம்

கேள்வி: சீனாவின் கிராமிய மேளக் கலைகள் எப்படித் தோன்றின? அவற்றுக்குத் தொன்மக் கதை ஏதாவது உண்டா?

சீனாவில் வட்டாரத்துக்கு ஒரு மேளம், மேளத்துக்கு ஒரு கதை. அன்சாய் பக்கத்து இடுப்பு மேளத்துக்குப் போர்க்கதை சொல்வார்கள். எதிரி வருவதைக் கண்ட காவல் வீரர்கள் மேளமடித்து எச்சரித்தார்களாம். நான் நேரில் பார்த்தது ஷான்ஷி மாநிலத்தின் 'வெய்ஃபெங் லுவோகு'. அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன். 'வெய்ஃபெங்' என்றால் கம்பீரம். 'லுவோ' சேகண்டி, 'கு' மேளம்.

அந்த மாநிலத் தலைநகரான தாய்யுவானில் படித்தபோது, கூடப் படித்த தோழி ஒருத்திக்கு ஹொங்தொங் வட்டம் சொந்த ஊர். ஒரு வசந்த காலத்தில், "எங்கள் அத்தைகளைக் கூட்டிவரப் போகிறோம், நீயும் வா" என்றாள். அந்த அத்தைகள் நாலாயிரம் வருஷத்துக்கு முந்தியவர்கள் என்று பேருந்தில் போகும்போதுதான் சொன்னாள்.

கதை இதுதான். யாவ் என்ற ஆதி அரசன், தனக்குப் பிறகு நாட்டை ஆளத் தகுதியானவனைத் தேடினான். லிஷான் மலையில் உழுதுகொண்டிருந்த ஷுன் என்ற விவசாயியைப் பற்றி எல்லோரும் நல்லபடியாகச் சொன்னார்கள். ஆளை அறிய யாவ் செய்த காரியம், தன் இரண்டு மகள்களையும் அவனுக்கே கட்டிக்கொடுத்ததுதான். ஒருத்தி எஹுவாங், மற்றவள் நியூயிங். வீட்டை எப்படி நடத்துகிறான் என்று பார்த்தால் நாட்டை எப்படி நடத்துவான் என்று தெரிந்துவிடும் அல்லவா? ஷுன் வீடோ பொல்லாத வீடு. தானியக் குதிரின் கூரையைச் சரிசெய்ய அவனை ஏற்றிவிட்டுக் கீழே தீ வைத்தவர் பெற்ற அப்பாவே. இரண்டு ஓலைத் தொப்பிகளைச் சிறகு போலப் பிடித்துக்கொண்டு குதித்துத் தப்பினான். கிணறு தோண்டச் சொல்லி, உள்ளே இறங்கியதும் மேலிருந்து மண்ணைத் தள்ளினார்கள். பக்கவாட்டில் வழி தோண்டி வெளியே வந்தான். சீமா சியேன் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் எழுதிய வரலாற்று நூலிலேயே இதெல்லாம் இருக்கிறது.

மேளம் வருவது ஊர்க்காரர்கள் சொல்லும் பகுதியில். ஃபென் ஆற்றுக்குக் கிழக்கே யாங்ஷியெ என்று ஒரு கிராமம். அங்கே ஓர் ஆடு ஒற்றைக் கொம்புள்ள தெய்வ மிருகத்தை ஈன்றதாம். குற்றவாளி யார் என்று முட்டிக் காட்டிவிடும் மிருகம் அது. அதைப் பார்க்க வந்த யாவ் அந்த ஊரிலேயே குடும்பத்தோடு தங்கிவிட்டான். ஆகவே யாங்ஷியெ அந்தப் பெண்களுக்குப் பிறந்த வீடு. ஆற்றுக்கு மேற்கே இருக்கும் லிஷான் புகுந்த வீடு. கல்யாணத்துக்கும், அப்புறம் வருஷா வருஷம் அவர்கள் பிறந்த வீட்டுக்கு வரும்போதும் போகும்போதும், ஊரே திரண்டு மேளமும் சேகண்டியும் அடித்தது. வெய்ஃபெங் மேளத்தின் தொடக்கமாக அவர்கள் சொல்வது இதைத்தான்.

இது வெறும் கதையாக நின்றுவிடவில்லை. சீன நாட்காட்டியின் மூன்றாம் மாதம் 2ஆம் தேதி யாங்ஷியெக்காரர்கள் பல்லக்கோடு ஆற்றைத் தாண்டி லிஷான் போகிறார்கள். மறுநாள் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். யாங்ஷியெக்காரர்களுக்கு அவர்கள் 'குகு', அதாவது அத்தை. லிஷான்காரர்களுக்கு 'நியாங்நியாங்', அரசிக்கும் பெண் தெய்வத்துக்கும் உரிய சொல். தெய்வத்தை உறவுமுறை சொல்லி அழைக்கும் அந்தப் பழக்கம் என்னை என்னவோ செய்துவிட்டது. வழியிலுள்ள ஊர்களில் வீட்டு வாசலில் மேசை போட்டு ஊதுபத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். முன்பின் தெரியாத என் கையிலும் ஒரு பாட்டி சூடான ரொட்டியை வைத்து, சாப்பிட்டுவிட்டுத்தான் நகர வேண்டும் என்று நின்றார்.

சரி, மேளத்துக்கு வருகிறேன். மேளம், சேகண்டி, இரண்டு வகைப் பெரிய தாளங்கள், ஆக நாலே கருவிகள். நாதஸ்வரம் மாதிரி ஊதும் கருவி எதுவும் இல்லை, பாட்டும் இல்லை. ஆனால் சேகண்டிக்காரர்கள் வரிசை வரிசையாக நின்று ஒரே நொடியில் அடிக்கும்போது, காதுக்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில்தான் அந்த ஒலி விழுகிறது. அடிகளுக்குப் பெயர்களும் உண்டு. 'மேற்கு ஆற்று மணல்' ஒன்று. 'லியாங்ஃபென் தின்பது' இன்னொன்று. லியாங்ஃபென் என்பது மாவைக் காய்ச்சி உறையவைத்து, அரிந்து, காரம் ஊற்றிச் சாப்பிடும் பண்டம். சாமி ஊர்வல மேளத்தில் தின்பண்டத்தின் பெயரில் ஓர் அடி இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

'நான்கு குதிரைகள் தாங் பக்கம் சேர்ந்தன' என்றும் ஓர் அடி உண்டு. இந்த மேளத்தை, பின்னாளில் பேரரசரான தாங் வம்சத்து லி ஷிமின் படையோடு சேர்த்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கி.பி. 620இல் அவர் இந்த ஃபென் பள்ளத்தாக்கில் பெரிய வெற்றி பெற்றது வரலாறு. வென்ற படையை மேளமடித்து வரவேற்றிருப்பார்கள் என்பதும் நம்பக்கூடியதே.

இதில் எது உண்மை? யாவ் காலத்தில் இன்றைய வடிவில் இந்தக் கலை இருந்திருக்க முடியாது. உலோகத் தாளம் மத்திய ஆசியா வழியாகச் சீனாவுக்கு வந்ததே கி.பி. 4ஆம் நூற்றாண்டு வாக்கில்தான். சேகண்டி இந்தப் பக்கம் பரவியது அதற்கும் பின்னால். ஆனால் மேளத்தின் விஷயம் வேறு. ஹொங்தொங் வட்டம் அடங்கிய இதே லின்ஃபென் பகுதியில் தாவோசி என்ற இடத்தில் 1978இலிருந்து தோண்டினார்கள். நாலாயிரம் ஆண்டுக்கும் முந்திய பெரிய மனிதர்களின் கல்லறைகளில், மரத்தண்டைக் குடைந்து முதலைத் தோல் போர்த்திய மேளங்கள் கிடைத்தன. தட்டி ஒலிக்கும் கல்லும் கூடவே இருந்தது. தாவோசியே யாவின் தலைநகர் என்று வாதிடும் சீன அறிஞர்கள் பலர். அதற்கு உறுதியான எழுத்துச் சான்று இல்லை. ஆனாலும் கதை எந்த மண்ணைக் காட்டுகிறதோ அதே மண்ணுக்குள் அந்தக் காலத்து மேளம் இருந்தது என்பதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஆகவே யாராவது இந்தக் கதையைப் பொய் என்று ஒதுக்கினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது மேளம் பிறந்த தேதியைச் சொல்லும் கதை அல்ல. யாருக்காக அடிக்கிறோம் என்பதைச் சொல்லும் கதை. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்த மேளம் முழங்கியது, 2006இல் சீன அரசின் தேசிய மரபுக் கலைப் பட்டியலில் சேர்ந்தது. ஊரில் அதையும் பெருமையாகச் சொன்னார்கள். ஆனால் தோழியின் அப்பா நிறுத்தாமல் பேசியது நான்காம் மாதம் 28ஆம் தேதியைப் பற்றித்தான். அன்று யாவின் பிறந்தநாள். அப்பாவின் பிறந்தநாள் முடிந்ததும் இரண்டு பேரையும் திரும்ப அழைத்துப்போக லிஷான்காரர்கள் தங்கள் மேளத்தோடு ஆற்றைத் தாண்டி வருவார்கள்.