சைலேஜுக்கு பாக்டீரியா பவுடர்: பால் கூடுமா?

கேள்வி: ஆத்தூர் பக்கம் ஆறு கலப்பின ஜெர்சி மாடுகள் வைத்திருக்கிறேன். போன வருஷம் குழியில் போட்ட மக்காச்சோள சைலேஜ் (காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்க வைத்த பசுந்தீவனம்), திறந்த நாலாம் நாளே சூடேறிப் பூசணம் பிடித்தது. மாடுகள் முகர்ந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டன. பாக்டீரியா பவுடர் கலந்தால் கெடாது, மாட்டுக்கு மூணு லிட்டர் பாலும் கூடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: மூன்று லிட்டர் என்ற பேச்சை நம்பி வாங்க வேண்டாம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக அரை லிட்டருக்கும் குறைவாகத்தான் கூடியிருக்கிறது. பவுடரின் வேலை தீவனத்தைக் காப்பதுதான்.

உங்கள் குழி சூடேறக் காரணம் ஈஸ்ட். காற்று பட்டதும் அது லாக்டிக் அமிலத்தைத் தின்கிறது. புளிப்பு குறைந்ததும் பூசணம் ஏறுகிறது. கடையில் அதிகம் கிடைப்பது லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியா. அது வேகமாகப் புளிக்க வைக்கும். ஆனால் மக்காச்சோளத்தில் சர்க்கரை போதிய அளவு இருப்பதால் தானாகவே நன்றாகப் புளித்துவிடும். உங்கள் பிரச்சினைக்கு வேண்டியது லாக்டோபேசில்லஸ் பக்னரி. அது உண்டாக்கும் அசிட்டிக் அமிலம்தான் ஈஸ்ட்டை அடக்கும். மெதுவாக வேலை செய்வது. மூடிய பின் 60 நாளாவது திறக்கக் கூடாது.

அதற்கு முன் குழியின் அளவைப் பாருங்கள். ஆறு மாட்டுக்குத் தலைக்கு 15 கிலோ என்றால் நாளைக்கு 90 கிலோ. நம் வெயிலுக்கு, திறந்த முகப்பில் தினமும் அரை அடியாவது வெட்டி எடுக்க வேண்டும். கனமீட்டருக்கு 600 கிலோ என்று மிதித்து அடைத்திருந்தால், முகப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அதைவிட அகலமான குழியில் எந்த பாக்டீரியா போட்டாலும் ஓரளவுக்குத்தான் தாங்கும். என் யோசனை: குழியை விட்டுவிட்டு, உள்ளே பாலித்தீன் பை வைத்த 50 கிலோ சாக்குகளில் அடையுங்கள். நாளைக்கு இரண்டு பை, அன்றன்றே தீர்ந்துவிடும். அப்போது பவுடர் செலவே தேவைப்படாது. எலி கடித்த ஓட்டையை மட்டும் உடனே ஒட்டிவிடுங்கள்.

மணியில் பால் பாதி வற்றி மாவாகும் பருவத்தில் அறுத்து, ஒன்று, இரண்டு சென்டிமீட்டராக நறுக்குங்கள். நறுக்கியதைக் கையில் இறுக்கிப் பிடித்து விடுங்கள். சாறு ஒழுகினால் ஈரம் அதிகம். உருண்டை மெல்ல விரிந்தால் பதம் சரி. சட்டென உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, மிதித்தாலும் காற்று போகாது.

குழிதான் என்றால், பக்னரி ஒரு கிராம் தீவனத்துக்கு 4 லட்சம் உயிரணு வீதம் வேண்டும். டன்னுக்கு 40,000 கோடி. பொட்டலத்தில் கிராமுக்கு 100 கோடி என்றிருந்தால் டன்னுக்கு 400 கிராம். 10 கோடி என்றால் 4 கிலோ. எண்ணிக்கையே போடாத பொட்டலத்தைத் தொடாதீர்கள். டன்னுக்கு மூன்று, நான்கு லிட்டர் கிணற்றுத் தண்ணீரில் கரையுங்கள். காவேரிக் குடிநீர்க் குழாயில் வரும் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். மருந்து அடித்த தெளிப்பானும் கூடாது. கரைசலை நிழலில் வைத்து அன்றே தீர்த்துவிடுங்கள். நறுக்கும் இயந்திரத்தின் வாயிலேயே தெளித்தால் சமமாகப் பரவும்.

மக்காச்சோளத்துக்குப் பதில் கம்பு நேப்பியர் புல் (கோ-4, கோ-5 ரகம்) போட்டால் கதை வேறு. தண்ணீர் அதிகம், சர்க்கரை குறைவு. அப்படியே அடைத்தால் நாற்றமடிக்கும். அரை நாள் வாட்டி, டன்னுக்கு 20 முதல் 30 கிலோ மொலாசஸும் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) பிளாண்டாரமும் சேருங்கள். பிளாண்டாரம் செலவுக்கு ஈடு கொடுப்பது இங்கேதான். ஈரத்தை உறிஞ்ச 50 கிலோ உலர்ந்த மரவள்ளிக் கிழங்குத் திப்பி (ஜவ்வரிசி ஆலைச் சக்கை) சேர்க்கலாம். ஆனால் திப்பியில் இருப்பது மாவுச்சத்து. அது மொலாசஸுக்கு மாற்றாகாது.

கொடுக்கும்போது 5 கிலோவில் தொடங்கி ஒரு வாரத்தில் 15 கிலோவுக்கு ஏற்றுங்கள். பாலில் வாடை ஏறாமல் இருக்க, கறந்த பிறகே போடுங்கள். பூசணம் கண்ட பகுதியைச் சுற்றிலும் தாராளமாக வெட்டி எருக்குழியில் தள்ளுங்கள்; சினை மாட்டுக்கு அதைப் போடவே கூடாது. மக்காச்சோள சைலேஜில் புரதம் குறைவு என்பதால் புண்ணாக்கைக் குறைக்காதீர்கள். புரதம் மிகுந்த பசுந்தீவனமான வேலிமசால் இருந்தால் மாட்டுக்கு நாலைந்து கிலோ சேர்த்துப் போடுங்கள்.