கட்டில் கீட்ஸுடையது அல்ல: ரோம் நினைவில்லம் பற்றிக் கேள்வி பதில்

இத்தாலியில் சில வருடங்கள் சின்னச் சின்ன அருங்காட்சியகங்களில் பழைய தாள்களையும் புத்தகங்களையும் பாதுகாக்கும் வேலை பார்த்தவன் நான். ரோமில் இருந்தபோது பியாஸ்ஸா டி ஸ்பான்யா சதுக்கத்தில் 26ஆம் எண் வீட்டின் படிகளை எத்தனை தடவை ஏறியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆங்கிலக் கவிஞர்கள் கீட்ஸ், ஷெல்லி இருவர் பெயரிலும் உள்ள கீட்ஸ்–ஷெல்லி இல்லம் அதுதான். அங்கே நான் ஊழியன் அல்ல, டிக்கெட் வாங்கிப் போன ஆள்தான். தொழில் கண்ணோடு பார்த்தேன், அவ்வளவே. இனி உங்கள் கேள்விகள்.

கேள்வி (ஆங்கில இலக்கிய ஆசிரியை, திருநெல்வேலி): கீட்ஸ் லண்டன்காரர். ரோமில் அவருக்கு ஏன் ஒரு நினைவில்லம்?

சாவதற்காக வந்த ஊர் என்பதால், டீச்சர். 1820 செப்டம்பரில் 'மரியா கிரவுதர்' என்ற சின்னக் கப்பலில், ஜோசப் செவர்ன் என்ற இளம் ஓவியரோடு புறப்பட்டார். குளிர்காலத்தை இத்தாலியில் கழித்தால் காசநோய் தணியும் என்பது அந்தக் கால வைத்தியம். நேப்பிள்ஸ் துறைமுகத்தில் பத்து நாள் கரையிறங்க விடாமல் கப்பலிலேயே நிறுத்தி வைத்தார்கள். அந்தத் தடை நீங்கிய அக்டோபர் 31 அவருடைய இருபத்தைந்தாவது பிறந்தநாள். நவம்பர் 15 வாக்கில் ரோம். 1821 பிப்ரவரி 23 இரவு மரணம். மொத்தமாக நூறு நாள்.

அந்த நூறு நாளுக்காக ஒரு வீட்டை வாங்க யாருக்குத் தோன்றும்? தோன்றியது ஒரு அமெரிக்கருக்கு. 1903இல் ராபர்ட் அண்டர்வுட் ஜான்சன் என்ற கவிஞர் அங்கே போய், அறைகள் இருந்த நிலையைப் பார்த்து மனம் கசந்து, ரோமில் இருந்த மற்ற அமெரிக்க, ஆங்கில எழுத்தாளர்களைக் கூட்டினார். பணம் திரட்டி 1906இல் வீட்டை வாங்கினார்கள். 1909 ஏப்ரலில் இத்தாலிய மன்னர் மூன்றாம் விட்டோரியோ இமானுவேலே திறந்து வைத்தார். கவிஞர் ஆங்கிலேயர், யோசனை அமெரிக்கருடையது, திறந்தவர் இத்தாலியர். இந்த மாதிரி இல்லங்கள் பெரும்பாலும் இப்படி வெளியூர்க்காரரின் பிடிவாதத்தில்தான் பிழைக்கின்றன.

கேள்வி: ஷெல்லி எந்த அறையில் தங்கியிருந்தார்?

எந்த அறையிலும் இல்லை. அந்த வீட்டில் அவர் வாழவே இல்லை.

கேள்வி (கட்டடக்கலை மாணவர்): அறையில் உள்ளவற்றில் எது அசல், எது பிற்காலத்தது?

நல்ல கேள்வி, தம்பி. நிதானமாகச் சொல்கிறேன்.

ரோம் அப்போது போப்பாண்டவரின் ஆட்சியில் இருந்தது. காசநோயில் ஒருவர் இறந்தால் அவர் அறையில் இருந்த பொருளை எல்லாம் எரிக்க வேண்டும், சுவரைச் சுரண்ட வேண்டும் என்பது சட்டம். அந்தக் காலத்து ஆங்கிலேய மருத்துவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். காசநோய் ஒட்டிக்கொள்ளாது, பரம்பரை வாகு என்பது அவர்கள் கட்சி. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882இல் கண்டுபிடித்தபோதுதான் தெரிந்தது, இத்தாலியர் பயந்ததில் நியாயம் இருந்தது என்று.

ஆக, கட்டில், மெத்தை, திரைச்சீலை எல்லாம் சாம்பல். வீட்டுக்காரி அன்னா ஆஞ்செலெட்டி நஷ்டஈடு கேட்டார். செவர்ன் பின்னாளில் சொன்ன கதை ஒன்று உண்டு: நீளமான மேசை நிறைய உடைந்த பீங்கான் பாத்திரங்களைப் பரப்பி வைத்து, "இதெல்லாம் நீங்கள் இருந்தபோது உடைந்தது" என்று அந்தம்மா காட்டினாராம். பழைய உடைசல்களைத்தான் பொறுக்கி வைத்திருக்கிறார் என்று செவர்னுக்குப் புரிந்துவிட்டது. கைத்தடியை எடுத்து மிச்சத்தையும் தூள் தூளாக்கினார். அம்மா வாயைத் திறக்கவில்லை.

தப்பியவை இரண்டு. ஒன்று, கணப்படுப்பின் சலவைக்கல் முகப்பு. இன்னொன்று, மரக்கூரை. சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு பூ. படுக்கையில் மல்லாந்து கிடந்தவர் வாரக்கணக்கில் பார்த்தது அதைத்தான். "என் மேல் பூ முளைப்பது இப்போதே தெரிகிறது" என்ற பொருளில் அவர் செவர்னிடம் சொன்னதாக ஒரு பதிவு உண்டு. அந்த அறைக்குப் போகிறவர்கள் கட்டிலைப் படமெடுத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அண்ணாந்து பாருங்கள்.

கேள்வி: டிக்கெட் எவ்வளவு? எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?

இல்லத்தின் இணையதளத்தைப் பாருங்கள். நான் சொல்லி, நாளை மாறினால் பழி என் மேல் விழும்.

கேள்வி (அதே கட்டடக்கலை மாணவர்): அப்படியானால் அந்தக் கட்டில் மோசடிதானே? அசல் எரிந்துவிட்டது. வேறு ஒன்றைப் போட்டு "கீட்ஸ் இறந்த அறை" என்று காசு வாங்குகிறார்கள்.

தம்பி, அறை அதேதான். கட்டில்தான் வேறு, அந்தக் காலத்துப் பாணியில் உள்ளது. வேறு என்று சொல்லிவிட்டால் அது காட்சிப்பொருள், சொல்லாமல் விட்டால்தான் மோசடி. என் தொழிலில் திரும்பத் திரும்ப நான் கத்துவது இதைத்தான்: விளக்க அட்டையில் பொய் எழுதாதே. "கவிஞர் பயன்படுத்திய நாற்காலி" என்று எழுதும் முன், யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று கேள். நான் வேலை பார்த்த ஓர் ஊரில் (பெயர் வேண்டாம்) ஒரு மசிக்கூட்டை முப்பது வருடம் கவிஞருடையது என்று காட்டியிருக்கிறார்கள். சுத்தம் செய்ய நான் தலைகீழாகத் திருப்பினேன். அடியில் தொழிற்சாலை முத்திரை. கவிஞர் செத்து நாற்பது வருடம் கழித்துத் தொடங்கிய தொழிற்சாலை அது.

கேள்வி (நாடகக் கலைஞர், சென்னை): நான் மாணவர் பக்கம் இல்லை. கட்டில் இல்லாவிட்டால் அது வெறும் அறை. மேடையில் ஒரு நாற்காலி போட்டால்தான் அரண்மனையே வரும்.

மாணவர்: மேடை பொய் என்று டிக்கெட் வாங்கும்போதே எனக்குத் தெரியும். அருங்காட்சியகத்துக்கு உண்மையைப் பார்க்கத்தானே போகிறேன்?

ஆசிரியை: வெறும் அறையாகவே விட்டிருந்தால் என்ன? எரித்தார்கள், ஒன்றும் மிஞ்சவில்லை என்பதும் உண்மைதானே?

சரி, மூவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். டீச்சர் சொல்வதில் எனக்குப் பாதி சம்மதம். அந்த அறைக்கு நடந்த கதையே அந்த வெறுமைதான். என் கையில் விட்டால் கட்டிலை எடுத்துவிட்டு, அது கிடந்த இடத்தைத் தரையில் கோடு போட்டுக் காட்டுவேன். ஆனால் ஒன்று. அறை மிகச் சின்னது. அது எவ்வளவு சின்னது என்று காலி அறையாக இருந்தால் தெரியாது. கட்டில் கிடப்பதால்தான் ஜன்னலுக்கும் தலையணைக்கும் உள்ள தூரம் நமக்குப் புரிகிறது. வெளியே ஸ்பானிஷ் படிகளில் ஆள் பேசுவது, பர்க்காச்சா நீரூற்றில் தண்ணீர் விழுவது எல்லாம் அங்கே எவ்வளவு கிட்டத்தில் கேட்டிருக்கும் என்று தெரிகிறது. நாடகக்காரர் சொல்லும் நாற்காலிக்கு அந்த அளவுக்கு வேலை உண்டு.

கேள்வி: ஷெல்லி அங்கே இறக்கவில்லையா? அப்புறம் எப்படி இல்லத்துக்கு அவர் பெயர்?

மேலே சொன்னதை வாசிக்கவில்லை என்று தெரிகிறது. ஷெல்லி 1822 ஜூலை 8 அன்று ஸ்பெசியா வளைகுடாப் பக்கம் கடலில் மூழ்கி இறந்தார். கரை ஒதுங்கிய உடலின் சட்டைப்பையில் கீட்ஸின் கவிதைப் புத்தகம் இருந்தது. கீட்ஸுக்காக அவர் எழுதிய இரங்கற்பா 'அடோனேயிஸ்' அதற்கு முந்தின வருடம் பீசாவில் அச்சானது. இருவருமே ரோமில் ஒரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். பெயர் சேர்ந்ததற்கு இவ்வளவு போதும்.

கேள்வி (புகைப்படக்காரர்): அறைகள் ஏன் இவ்வளவு இருட்டு? ஜன்னலைத் திறந்தால் ரோம் வெயில் அள்ளிக்கொண்டு வருமே?

வருவதுதான் பிரச்சினை. மை, தாள், நீர்வண்ணம், தலைமயிர் எல்லாவற்றையும் வெளிச்சம் தின்னும். தின்றதைத் திருப்பித் தராது. இரவு மூடி வைத்தால் பகலில் வெளுத்தது திரும்பிவிடும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சேதம் கூடிக்கொண்டேதான் போகும். தாளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது பொதுவான வரம்பு. வெயில் நேரே விழும் மேசையில் அதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் இருக்கும். உள்ளே போனதும் இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் பழகிவிடும்.

கேள்வி: இரண்டாம் உலகப்போரில் அந்த இல்லம் என்ன ஆயிற்று?

இதைக் கேட்க மாட்டீர்களா என்றுதான் காத்திருந்தேன்.

பாசிச இத்தாலிக்கு இங்கிலாந்து எதிரி நாடு. ரோமின் நடுவே ஆங்கிலக் கவிஞர்களின் வீடு. காப்பாட்சியர் வேரா கச்சாத்தோரே என்ற இத்தாலியப் பெண்மணி. 1942 டிசம்பரில் முக்கியமான நினைவுப்பொருட்களை இரண்டு பெட்டிகளில் வைத்து மோன்தே கசினோ மடாலயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மலை உச்சியில் பழைய மடாலயம், அதைவிடப் பத்திரமான இடம் எது? 1943 இலையுதிர் காலத்தில் போர்முனை அந்த மலையை நோக்கியே நகர்ந்தது. மடாலயச் செல்வங்களை ஜெர்மானியர் லாரியில் ஏற்றினார்கள். ஆவணக்காப்பாளரான துறவி இங்குவானெஸ் அந்த இரண்டு பெட்டிகளையும் தன் சொந்தச் சாமான் என்று சொல்லித் தன் மூட்டைகளோடு ரோமுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். 1944 பிப்ரவரி 15 அன்று குண்டுவீச்சில் மடாலயம் தரைமட்டம். ஜூனில் நேசநாட்டுப் படை ரோமுக்குள் வந்தபின் பெட்டிகள் வீடு திரும்பின.

ஒரு துறவி சொன்ன ஒரு பொய்யில் அத்தனையும் பிழைத்தது. விளக்க அட்டையில்தான் பொய் கூடாது என்றேன், லாரியில் கூடாது என்று சொல்லவில்லை.

மாணவர்: அப்படியானால் நல்ல நோக்கத்துக்குப் பொய் சொல்லலாம் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். கட்டிலும் அப்படித்தானே?

கட்டிலை யாரும் லாரியில் கடத்தவில்லை, தம்பி. அடுத்தது.

கேள்வி: வேறு என்னென்ன வைத்திருக்கிறார்கள்?

எட்டாயிரத்துக்கு மேற்பட்ட புத்தகங்கள். சுவர் முழுக்க மர அலமாரி, உள்ளே நுழைந்ததும் பழைய தோல் அட்டை வாசனை. கவிஞர் பைரன் இத்தாலியின் ராவென்னாவில் திருவிழாவுக்குப் போட்ட மெழுகு முகமூடி. ஆங்கிலக் கவிஞர்கள் மில்டன், எலிசபெத் பேரட் பிரௌனிங் இருவரின் மயிர்க்கற்றைகளும் ஒரே பேழையில். ஷெல்லியின் தாடை எலும்புத் துண்டு ஒன்றும் உண்டு. விரையெஜ்ஜோ பக்கம் கடற்கரையில் அவர் உடலை எரித்தபோது மிஞ்சியது. இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற தமிழர்களைப் பார்த்திருக்கிறேன். நமக்கு எலும்பு என்றால் ஆற்றில் கரைப்பது. அவர்களோ புனிதர்களின் எலும்பைப் பேழையில் வைத்துக் கும்பிட்ட மரபில் வந்தவர்கள், அதையே கவிஞனுக்கும் செய்தார்கள்.

கேள்வி: கீட்ஸின் 'கிரேக்கத் தாழி' கவிதையின் கடைசி இரண்டு வரிக்கு என்ன அர்த்தம்? நாளை பரீட்சை.

திருநெல்வேலி டீச்சரைக் கேளுங்கள்.

கேள்வி: கீட்ஸ் கல்லறையில் பிப்ரவரி 24 என்று இருக்கிறதே, நீங்கள் 23 என்கிறீர்கள்?

இரண்டுமே சரி. இறந்தது 23 இரவு. ரோமில் அப்போது மாலை மணி அடித்ததும் அடுத்த நாள் தொடங்கிவிடும். அந்தக் கணக்கில் 24. அந்தக் கல்லில் இன்னொன்றைக் கவனியுங்கள்: அவர் பெயர் கிடையாது. தன் பெயர் தண்ணீரில் எழுதப்பட்டது என்ற வரி மட்டும் போதும் என்றார். நண்பர்கள் மேலே நாலு வரி கோபத்தைச் சேர்த்துவிட்டார்கள். பக்கத்தில் செவர்ன் படுத்திருக்கிறார். அவர் கல்லில் இரண்டு பேர் பெயரும் உண்டு.

கேள்வி: ஷெல்லி அறை எது என்று சொல்லவே இல்லையே?

இல்லை. இல்லை. இல்லை.

கேள்வி (எட்டயபுரம்): பாரதி 'ஷெல்லிதாசன்' என்று பெயர் வைத்துக்கொண்டவர். அங்கே போனபோது அவரை நினைத்தீர்களா?

நினைக்காமலா? பார்வையாளர் ஏட்டில் தமிழில் "ஷெல்லிதாசன் ஊர்க்காரன்" என்று எழுதினேன். நான் எட்டயபுரம் இல்லை, விளாத்திகுளம். மன்னித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): எங்கள் தாத்தா எழுத்தாளர். அவர் வீட்டை நினைவில்லமாக்க நினைக்கிறோம். எதிலிருந்து தொடங்கலாம்?

கூரையிலிருந்து. சிலை, கண்ணாடிப் பெட்டி, திறப்புவிழா எதுவும் இப்போது வேண்டாம். அடுத்த மழைக்கு முன் மேலே ஏறி ஒழுகல் இருக்கிறதா பாருங்கள். சுவரில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். புத்தகத்தை வெளிச்சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், நாலு விரல் இடம் விடுங்கள். இராமபாணப் பூச்சி தெரிந்தால் மருந்து அடிக்க ஓடாதீர்கள். அந்தப் புத்தகத்தை பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, −20 டிகிரி குளிரூட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும், இல்லாவிட்டால் தாளில் வியர்த்துவிடும்.

அப்புறம் பணம். ரோம் இல்லத்தில் டிக்கெட், கடை, நன்கொடை எல்லாம் இருக்கிறது. அதே கட்டடத்தின் மேல்தளத்தை ஒரு பிரிட்டிஷ் அறக்கட்டளை விடுமுறைக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறது. உங்களுக்கும் மாடி இருந்தால் யோசியுங்கள். கடைசியாக, தாத்தாவின் கட்டில் இருக்கிறதா? இருந்தால், அது அவருடையதுதான் என்று உங்கள் பாட்டியிடம் இன்றைக்கே கேட்டுத் தேதியோடு எழுதி வாங்கி வையுங்கள்.

மாணவர்: பாட்டி தவறாகச் சொன்னால்?

சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். கட்டில் பற்றி இன்னும் ஏழு கேள்வி பாக்கி, அதில் நாலு உன்னுடையது.