குழுவில் யார் யார்?

கேள்வி: ஐயா, என் மகள் ஒரு மின்வேதியியல் ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்கிறாள். முதல் கட்டுரை வந்துவிட்டது. 6 பேர் பெயர் இருக்கிறது. சோதனைக்கான கண்ணாடிக் கலம் ஊதிக் கொடுத்தவர் பெயர் இல்லை. ஆய்வுக் குழு என்றால் யார்தான்? இதையெல்லாம் யாராவது ஆராய்கிறார்களா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: ஆராய்கிறார்கள், ஆச்சி. ஆனால் பெரும்பாலும் தலைப்புக்குக் கீழே உள்ள பெயர்களை எண்ணித்தான். வுக்டி, ஜோன்ஸ், உஸ்ஸி என்ற ஆய்வாளர்கள் மூவரும் சுமார் 2 கோடி கட்டுரைகளை அப்படி எண்ணி 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். அறிவியல், பொறியியலில் கட்டுரைக்குச் சராசரியாக 1.9 பேர் என்றிருந்தது 45 ஆண்டுகளில் 3.5 ஆகியிருந்தது. 2015-ல் ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறை பற்றி வந்த கட்டுரையில் 5,154 பெயர்கள்! 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்குமே போய்விட்டது.

அதே ஆண்டு அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் வேறு விதமாகச் சொன்னது: ஒருவர் வேலையை நம்பி மற்றவர் வேலை நடந்தால் அது கூட்டு ஆய்வு. 2 முதல் 10 பேர் வரை குழு; அதற்கு மேல் பெரிய குழுமம். எனக்கு இதுதான் சரியென்று படுகிறது.

காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகத்தில் காலம் கழித்தவன் நான். உங்கள் மகளின் கலம் போன்றவற்றில் மூன்று மின்வாய்கள், அதாவது கரைசலில் அமிழ்ந்த மின்கடத்திகள், இருக்கும். அதில் ஒன்று ஒப்பு மின்வாய்; மின்னழுத்தத்தை அதோடு ஒப்பிட்டுத்தான் அளப்போம். அதிலிருந்து வரும் லகின் குழாய் என்ற கண்ணாடிக் குழாயின் மெல்லிய முனை, நாம் சோதிக்கும் மின்வாயைத் தொடாமல், ஆனால் வெகு அருகில் நிற்க வேண்டும். தள்ளி நின்றால் கரைசலின் மின்தடையும் அளவீட்டில் சேர்ந்துகொள்ளும். ரொம்ப ஒட்டி நின்றால் மின்னோட்டத்தை மறைக்கும். சுடரில் காட்டி அந்த முனையை இழுத்து மெலிதாக்கும் கண்ணாடி ஊதுபவரின் கை பிசகினால் உங்கள் மகளின் அளவீட்டு வரைபடமே பிசகிவிடும். அவர் குழுவில் இல்லை என்று எப்படிச் சொல்வது?

பெயர்ப் பட்டியலை எண்ணுகிறவர்களுக்கு அவர் தெரிய மாட்டார். பிரெஞ்சு அறிஞர் புரூனோ லத்தூர் 1970-களில் கலிபோர்னியாவின் சால்க் உயிரியல் ஆய்வு நிறுவனத்தில் இரண்டு ஆண்டு உட்கார்ந்து, யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுதினார். அப்படிப் பார்த்தால்தான் தெரிவார்.

கேள்வி: சரி, அவருக்காக மகள் என்ன செய்யலாம்?

பதில்: அடுத்த கட்டுரையின் நன்றியுரையில் 'ஆய்வக ஊழியர்களுக்கு நன்றி' என்று பொதுவாக முடிக்காமல், அவர் பெயரையும் செய்த வேலையையும் எழுதச் சொல்லுங்கள். கலத்தை வடிவமைத்ததில் அவர் யோசனையும் உண்டென்றால், ஆசிரியர் வரிசையில் சேர்ப்பது பற்றி எழுதத் தொடங்கும் முன்பே வழிகாட்டியிடம் பேசட்டும். கட்டுரையை அனுப்பிவிட்டால் அப்புறம் பெயர் சேர்ப்பது பெரும்பாடு.