சுரிதார் சைஸைப் பார்த்து ஸ்விம் சூட் வாங்காதீங்க

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மகளோடு சேர்ந்து நானும் லேடீஸ் பேட்ச்சில் நீச்சல் கற்றுக்கொள்கிறேன். சுரிதார் எக்ஸ்எல் போடுவேன், அதே சைஸில் முழங்கால் வரை வருகிற ஸ்விம் சூட் ஆன்லைனில் வாங்கினேன். வீட்டில் போட்டுப் பார்த்தபோது வசதியாகத்தான் இருந்தது, ஆனால் தண்ணீரில் இறங்கினால் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, பின்பக்கத் துணி மெலிந்தே போய்விட்டது. மகளுக்கும் ஒன்று வாங்க வேண்டும். வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாக எடுக்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஸ்கூல் யூனிஃபார்மில் அது சரி, மடித்துத் தைத்து வைத்துப் பிறகு பிரித்துவிடலாம். நீச்சலுடை தொளதொளவென்று இருந்தால் கழுத்து வழியாகத் தண்ணீர் புகுந்து வயிற்றுப் பக்கம் பை மாதிரி உப்பும், கை வீசும்போது தோள் பக்கம் இழுக்கும், குழந்தை நீந்துவதை விட்டுவிட்டு துணியைச் சரிசெய்துகொண்டே இருக்கும். அதுவுமில்லாமல் தினமும் குளோரின் தண்ணீரில் இறங்குகிற நைலான் காஸ்ட்யூம், பிள்ளை வளர்ந்து அந்த சைஸுக்கு வருவதற்குள் பெரும்பாலும் தானே தளர்ந்துவிடும். மிச்சம் பிடித்ததாக நினைக்கிற பணம் அங்கேயே போயிற்று.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். "வீட்டில் வசதியாக இருந்தது" என்கிறீர்களே, பிரச்சினை அங்கேதான். காய்ந்திருக்கும்போது வசதியாக இருக்கிற ஸ்விம் சூட் நனைந்தால் லூஸ்தான். துணி தண்ணீரைக் குடித்து கனக்கும், கொஞ்சம் இளகவும் செய்யும். அதனால் கடையிலோ வீட்டிலோ போடும்போதே உடம்பைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி, மேலே ஏற்ற சற்று மெனக்கெட வேண்டிய அளவுக்கு இருக்க வேண்டும். மூச்சு முட்டவும் கூடாது, தொடையிலும் அக்குளிலும் சிவப்பாகக் கோடு பதியவும் கூடாது.

சுரிதார் சைஸ் இங்கே உதவாததற்குக் காரணம், அதில் மார்பளவுக்கு மேல் சில அங்குலம் தாராளமாக விட்டுத்தான் தைப்பார்கள். ஸ்விம் சூட்டில் நேர் எதிர், துணி உடம்பைவிடச் சின்னது, இழுபட்டுத்தான் உட்காரும். எனவே எக்ஸ்எல் என்ற எழுத்தை மறந்துவிட்டு அந்தந்த பிராண்டின் அளவுப் பட்டியலைப் பாருங்கள். மார்பு, இடுப்புக்குக் கீழே உடம்பு அகலமாக இருக்கும் இடம், இரண்டையும் எடுங்கள். மூன்றாவதாக, நம் ஊரில் பெரும்பாலும் யாரும் எடுக்காத ஒன்று இருக்கிறது: உடல் நீளச் சுற்றளவு. ஒரு தோளின் நடுவில் தொடங்கி, மார்பு மேல் இறங்கி, கால்களுக்கு இடையே போய், முதுகு வழியாக அதே தோளுக்கு வர வேண்டும். தையல் டேப் 60 அங்குலத்தோடு முடிந்துவிடும், பலருக்கு இந்த அளவு அதைத் தாண்டும், ஆகவே இழுபடாத ஒரு நாடாவால் சுற்றி எடுத்து அதைத் தரையில் நீட்டி அளந்துகொள்ளுங்கள். தனியாகச் செய்ய வராது, மகளைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஒரே துணியாக வருகிற ஸ்விம் சூட்டில் இந்த அளவுதான் ராஜா. மார்பளவு ஒரு சைஸையும் உடல் நீளம் அடுத்த சைஸையும் காட்டினால் நீளத்தின் பக்கம் போங்கள், இல்லாவிட்டால் தோளை அறுக்கும். மேலே கீழே தனித்தனியாக வருகிற செட் என்றால் இந்தக் கவலையே இல்லை. போட்டதும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், குனியுங்கள், குந்தி உட்காருங்கள். நடு முதுகுக்குக் கீழே துணி உடம்பை விட்டு எழும்பி நின்றால் பெரிது. நம் டெய்லரிடம் பிடிக்கக் கொடுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், சாதாரண நேர்த்தையல் துணியோடு நீளாது, முதல் டைவிலேயே தெறித்துவிடும்.

அப்புறம், மூன்று மாதத்தில் துணி மெலிந்த கதை. லேபிளைப் பாருங்கள், நைலான் 80, எலாஸ்டேன் 20 என்கிற மாதிரி இருக்கும். லைக்ரா, ஸ்பான்டெக்ஸ் எல்லாம் இந்த எலாஸ்டேன்தான். இழுத்து விட்டால் சுருங்குகிற குணத்தைத் தருவது அந்த இழை, குளோரின் முதலில் அரிப்பதும் அதையே. உள்பக்கம் வெள்ளையாக ரப்பர் மயிர் போல நீட்டிக்கொண்டிருந்தால் இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம், எந்தச் சலவையும் அதைத் திருப்பித் தராது. பின்பக்கம் மட்டும் சீக்கிரம் போனதற்குக் குளத்தின் சொரசொரப்பான விளிம்பில் உட்கார்ந்து நகர்வதும் காரணமாக இருக்கலாம், ஒரு டவலைப் போட்டு உட்காருங்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் போகிறவர் என்றால் அடுத்த முறை பாலியஸ்டர், பிபிடி (PBT, அதுவும் ஒரு வகை பாலியஸ்டர்தான்) கலந்த துணியாக வாங்குங்கள். குளோரினை நன்றாகத் தாங்கும், ஆனால் அவ்வளவாக இழுபடாது, அதனால் இரண்டு சைஸுக்கு நடுவே நின்றால் பெரியதை எடுக்கலாம்.

பராமரிப்பில் பாதி வேலை குளத்துக்கு உள்ளே இறங்கும் முன்பே முடிந்துவிடும். ஷவரில் நன்றாக நனைந்துவிட்டு இறங்குங்கள், துணி ஏற்கெனவே நல்ல தண்ணீரைக் குடித்திருந்தால் குளோரின் தண்ணீரை அவ்வளவாக இழுக்காது. தேங்காய் எண்ணெய், சன்ஸ்கிரீன் இரண்டும் துணிக்கு ஆகாது, எண்ணெயைக் குளித்துக் கழித்துவிட்டே போங்கள். வெளியே வந்ததும் அங்கேயே அலசுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு ஆபீஸ் போவதுதான் பலர் செய்வது, அந்தச் சூட்டில் துணியும் போகும், நாற்றமும் பிடிக்கும்.

வீட்டில் பச்சைத் தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு அல்லது மென்மையான லிக்விட், கையால் அமுக்கி எடுத்தால் போதும். சோப்புக் கட்டி, பிரஷ், வாஷிங் மெஷின், கம்ஃபர்ட், பிளீச் எதுவும் வேண்டாம். முறுக்கிப் பிழியாமல் டவலில் சுருட்டி அமுக்குங்கள். மீன் தொட்டிக்கு வாங்குகிற ஆன்ட்டி குளோரின் சொட்டைச் சிலர் அலசும் தண்ணீரில் விடுகிறார்கள், அதுவும் வேலை செய்யும், ஆனால் உடனே அலசுகிறவருக்கு அது தேவைப்படாது. மொட்டை மாடி வெயிலில் காயப்போடாமல் நிழலில் கொடியில் இடுப்புப் பக்கமாக மடித்துப் போடுங்கள். தோளில் கிளிப் மாட்டினால் ஈரத்தின் கனத்திலேயே நீண்டுவிடும்.

இப்போது இருப்பதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், விரல் தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள். மகளுக்கு வாங்கும்போது வெளிர் நீலமும் வெள்ளையும் வேண்டாம், குளத்துத் தண்ணீரில் அந்த நிறங்கள் கண்ணில் படவே படாது. பளிச்சென்ற ஆரஞ்சு, அவளுடைய இன்றைய அளவில்.