உலக நற்கருணை மாநாடு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

நற்கருணை என்பது கத்தோலிக்கத் திருப்பலியில் (பூசையில்) கிறிஸ்துவின் திருவுடலாக நாம் உட்கொள்ளும் அப்பம். அதைப் போற்ற உலகக் கத்தோலிக்கர்கள் கூடும் 54-ஆவது உலக நற்கருணை மாநாடு 2028-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் நடக்கவிருக்கிறது. அந்தச் செய்தி நம் குமரி மாவட்டப் பங்குகளில் (ஊர்த் திருஅவைகளில்) பரவியதிலிருந்து எனக்குக் கேள்விகள் குவிகின்றன. கேட்டவரின் ஊரைக் கேள்விக்கு முன்னே போட்டிருக்கிறேன். மாநாட்டின் வரலாறு, வழிபாடு, 1964 பம்பாய் மாநாடு ஆகியவற்றைப் பற்றிக் கேட்டால் விரிவாகவே எழுதுவேன். விமான டிக்கெட்டைப் பற்றிக் கேட்டால் ஒரு வரிதான். தொடங்குமுன் ஒரு வேண்டுகோள்: சிட்னிப் பயணத்திற்கு என்று சொல்லி வரும் எந்த முகவரிடமும் முன்பணம் கட்டாதீர்கள். உங்கள் ஆயரின் (பிஷப்பின்) மறைமாவட்டம் அறிவிக்கும்வரை பொறுத்திருங்கள்.

முட்டம்: இந்த மாநாட்டை எந்தப் பாப்பரசர் தொடங்கினார் ஐயா?

பாப்பரசர், அதாவது திருத்தந்தை, தொடங்கவில்லை. பிரான்சின் தூர் நகரில் 1834-இல் பிறந்த எமிலி தமிசியே என்ற பெண் தொடங்கிவைத்தார். அவர் அருள்சகோதரியும் அல்லர். துறவு வாழ்வை முயன்று பார்த்து, அது தம் அழைப்பு அல்ல என்று வெளியே வந்த பொதுநிலையினர். நற்கருணை பக்தியைப் பரப்பிய புனித பீட்டர் ஜூலியன் எய்மார்ட் அவருக்கு வழிகாட்டி. பள்ளிகளிலிருந்தும் பொதுவாழ்விலிருந்தும் மதத்தை ஒதுக்கும் முயற்சி பிரான்சில் வலுத்திருந்த காலம் அது. நற்கருணை அற்புதங்கள் நடந்ததாகப் போற்றப்படும் ஊர்களுக்கு மக்களைத் திருப்பயணமாகத் திரட்டுவதில் தமிசியே முதலில் இறங்கினார். பிறகு ஆயர்களுக்குக் கடிதங்கள் எழுதினார், கதவுகளைத் தட்டினார். கடைசியில் 13-ஆம் சிங்கராயர் திருத்தந்தையின் ஆசியோடு 1881 ஜூன் மாதம் லீல் நகரில் முதல் மாநாடு கூடியது.

நம் பங்குகளில் அன்பியங்களை (அக்கம்பக்கக் குடும்பங்களின் செபக் குழுக்களை) தாங்கி நடத்தும் பெண்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லிக்கொடுங்கள். மறைக்கல்விப் புத்தகத்தில் எய்மார்டுக்கு இடம் உண்டென்றால் தமிசியேவுக்கும் இடம் வேண்டும்.

குளச்சல்: மாநாடு என்றால் என்னதான் நடக்கும்? கருத்தரங்கா, திருவிழாவா?

இரண்டும் உண்டு, ஆனால் இரண்டுமே மையம் அல்ல. ஒரு வாரம் அளவுக்கு மறையுரைகள், சாட்சியங்கள், ஒப்புரவு அருளடையாளம் (பாவசங்கீர்த்தனம்), ஆராதனை, நகரின் தெருக்களில் நற்கருணைப் பவனி, கடைசி நாளில் பெருந்திருப்பலி. அந்தத் திருப்பலியை 'ஸ்தாசியோ ஓர்பிஸ்' (உலகத்தின் கூடுகை) என்பார்கள். பழைய ரோமையில் தவக்காலத்தில் ஆயரும் மக்களும் ஒவ்வொரு நாளும் ஒரு குறிப்பிட்ட கோவிலில் கூடித் திருப்பலி கொண்டாடினார்கள். ஒரு நகரத்துக்கு இருந்த அந்த வழக்கத்தை உலகம் முழுவதற்கும் விரித்தால் என்ன என்று இறையியலாளர் யோசப் யுங்மன் கேட்டார். 1960 மியூனிக் மாநாட்டில் அது நடைமுறைக்கு வந்தது. அதுவரை பவனியும் ஆராதனையும் முன்னே நின்றன; அதன்பின் திருப்பலி நடுவுக்கு வந்தது. எனக்கு இந்த மாற்றம் மிகவும் பிடிக்கும். கதிர்ப்பாத்திரத்தில் (நற்கருணையைக் காட்சிக்கு வைக்கும் பாத்திரத்தில்) நாம் வணங்கும் அப்பம் பீடத்திலிருந்து வந்தது, உண்பதற்காகத் தரப்பட்டது. அதை மறந்தால் பவனி வெறும் ஊர்வலமாகிவிடும்.

கருங்கல்: சிட்னி மாநாட்டுக்கு எவ்வளவு செலவாகும்?

மறைமாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள்.

இராஜாக்கமங்கலம்: பம்பாயில் 1964-இல் நடந்ததுதான் ஆசியாவின் முதல் மாநாடு என்று எங்கள் பங்கு மலரில் போட்டிருக்கிறார்கள். சரியா?

சரியில்லை. மணிலாவில் 1937-இலேயே நடந்துவிட்டது. எருசலேமையும் ஆசியா என்று எண்ணினால் 1893. பம்பாய்க்கு உரிய பெருமை வேறு. இந்திய மண்ணில் காலடி வைத்த முதல் திருத்தந்தை ஆறாம் பவுல், அந்த மாநாட்டுக்காகவே வந்தார். 38-ஆவது மாநாடு, 1964 நவம்பர் 28 முதல் டிசம்பர் 6 வரை.

நம் மாவட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பொருத்தம் இதில் உண்டு. திருத்தந்தை பம்பாயில் இருந்த டிசம்பர் 3, புனித சவேரியார் திருநாள். கோட்டாறு கோவிலில் நாம் கொண்டாடும் அதே நாளில், பம்பாயில் அவர் புதிய ஆயர்களைத் திருநிலைப்படுத்தினார். பிற சமயத் தலைவர்களைச் சந்தித்து, 'பொய்மையிலிருந்து மெய்மைக்கு என்னை நடத்து' என்ற உபநிடத வேண்டுதலைத் தம் உரையில் எடுத்துச் சொன்னதும் அதே நாளில்தான்.

கோட்டாறு: என் தாத்தா பம்பாய் மாநாட்டுக்கு ரயிலில் போனவர். அவருடைய அடையாள அட்டையும் செபப்புத்தகமும் வீட்டில் இருக்கின்றன. என்ன செய்யலாம் அண்ணாச்சி?

கரையான் படாமல் வையுங்கள் அம்மா. படம் எடுத்துப் பிரதி ஒன்றை மறைமாவட்ட ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள். வீட்டில் அவரைப் பற்றி நினைவுள்ள பெரியவர்கள் இருந்தால் இன்றே உட்கார்ந்து கேட்டு எழுதிவையுங்கள். எங்கே தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள், எந்த மொழியில் செபித்தார்கள் என்பதெல்லாம் வரலாறு.

மணக்குடி: ஒக்கி புயலில் என் சித்தப்பாவை இழந்தோம். கடற்கரையில் வீடில்லாத குடும்பங்கள் எத்தனை! இவ்வளவு பணம் செலவழித்து உலக மாநாடு தேவையா?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2017 நவம்பர் கடைசியில் நம் கரை பட்ட பாட்டை நேரில் பார்த்தவர்கள் யாரும் இதைச் சிறிய கேள்வி என்று சொல்லமாட்டார்கள்.

நற்கருணையைப் பற்றிப் புனித பவுல் எழுதிய மிகக் கடுமையான வரிகள் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11-ஆம் அதிகாரத்தில் இருக்கின்றன. அங்கே அவருடைய கோபம் எதன்மேல்? வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு வயிறார உண்டார்கள். இல்லாதவர்கள் அதே கூட்டத்தில் பசியோடு நின்றார்கள். நீங்கள் உண்பது ஆண்டவரின் திருவிருந்து அல்ல என்று நேராகவே சொல்லிவிட்டார். ஆகவே பசித்தவனை மறந்த மாநாடு நற்கருணை மாநாடே அல்ல. இது என் சொந்தக் கருத்து அல்ல, திருமுகத்தில் உள்ளது.

பம்பாயில் ஆறாம் பவுல் இதை உணர்ந்திருந்தார். ஆயுதங்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியையாவது ஒதுக்கி, ஏழை நாடுகளுக்கென உலக நிதி ஒன்றை உருவாக்குங்கள் என்று டிசம்பர் 4-ஆம் நாள் பத்திரிகையாளர்கள் வழியாக உலக அரசுகளைக் கேட்டுக்கொண்டார். தாம் பயன்படுத்திய காரை அன்னை தெரசாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்; அன்னை அதைக் குலுக்கலில் விட்டு வந்த பணத்தைத் தொழுநோயாளர்களுக்குச் செலவிட்டார். ஒரு காரால் வறுமை தீராது, உண்மை. ஆனால் மாநாடு முடிந்தபின் என்ன மிஞ்சியது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. சிட்னிக்கு யாரை அனுப்பினாலும், திரும்பி வந்ததும் மணக்குடியில் வந்து பேசச் சொல்லுங்கள்.

அருமனை: சிட்னிக்கு ஒரு முகவர் பாஸ்போர்ட்டைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ஆஸ்திரேலிய விசா மின்னணு முறையில் வழங்கப்படுகிறது. பாஸ்போர்ட்டில் எதையும் ஒட்டுவதில்லை. அதை மாதக்கணக்கில் ஒருவர் பெட்டியில் பூட்டிவைக்க எந்தத் தேவையும் இல்லை.

தக்கலை: நாங்கள் சீரோ மலபார் வழிபாட்டு முறையினர் (கிழக்கு மரபுக் கத்தோலிக்கர்). கதிர்ப்பாத்திரம், பவனி, ஆராதனை எல்லாம் லத்தீன் (ரோமை மரபு) வழக்கம். இது லத்தீன்காரர்களின் மாநாடு. எங்களை ஏன் இழுக்கிறீர்கள்?

முதல் பாதி சரி. நோயாளிகளுக்காக நற்கருணையைப் பாதுகாப்பது எங்கும் உள்ள பழைய வழக்கம். அதைக் காட்சிக்கு வைத்துத் திருப்பலிக்கு வெளியே ஆராதிக்கும் முறை மேற்கில் வளர்ந்தது. கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா 1246-இல் லீயேஜ் மறைமாவட்டத்தில் தொடங்கியது; 1264-இல் நான்காம் உர்பான் அதைத் திருஅவை முழுவதற்கும் விரித்தார்.

இரண்டாம் பாதி சரியல்ல. 1893 எருசலேம் மாநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தந்தையின் தூதராகப் போனவர் ரேம்ஸ் பேராயர் கர்தினால் லாஞ்செனியோ. அங்கே கிழக்குத் திருஅவைகளின் தலைவர்கள் தங்கள் சொந்த வழிபாட்டு முறைகளில் நற்கருணையைக் கொண்டாடினார்கள், தங்கள் குறைகளையும் எடுத்துச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு, 1894 நவம்பரில், 13-ஆம் சிங்கராயர் கிழக்கு வழிபாட்டு முறைகளின் மாண்பைக் காக்கும் திருமடலை வெளியிட்டார். கிழக்கத்தியரை லத்தீன் முறைக்கு இழுக்கும் மறைப்பணியாளருக்குத் தண்டனை உண்டு என்று அதில் எழுதினார். நற்கருணை மாநாட்டினால் உங்கள் முறைக்கு நன்மைதான் விளைந்தது.

குழித்துறை: ஆராதனையே வேண்டாம் என்பவர்களை ஏன் இப்படிக் கெஞ்சி அழைக்க வேண்டும்? வராதவர்கள் வராமல் இருக்கட்டும்.

தம்பி, தக்கலைக்காரர் ஆராதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது தம் மரபில் வளர்ந்ததல்ல என்றார். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்காமல் பேசினால் ஊரில் சண்டைதான் மிஞ்சும். இந்தச் சிறிய மாவட்டத்தில் கோட்டாறு, குழித்துறை என்று இரண்டு லத்தீன் மறைமாவட்டங்கள். தக்கலையில் சீரோ மலபார். மார்த்தாண்டத்தில் இன்னொரு கிழக்கு முறையான சீரோ மலங்கரா. மூன்று வழிபாட்டு முறைகளும் ஒரே பஸ் தடத்தில் இருக்கின்றன. உலகில் வேறு எங்கோ போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதை நாம் வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு வாதாடுகிறோம்.

மார்த்தாண்டம்: நாங்கள் மலங்கரா. மருமகள் லத்தீன். அவள் எங்கள் குர்பானாவில் (திருப்பலியில்) நற்கருணை வாங்கலாமா, நான் அவள் பங்கில் வாங்கலாமா என்று வீட்டில் தீராத வழக்கு.

தாராளமாக வாங்கலாம். கத்தோலிக்கர் எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையிலும் திருப்பலியில் பங்கேற்று நற்கருணை உட்கொள்ளலாம் என்று லத்தீன் திருஅவைச் சட்டம் 923-ஆம் எண்ணில் தெளிவாகச் சொல்கிறது. உங்களுக்கும் தடையில்லை. இதை வைத்து மருமகளை வருத்தாதீர்கள்.

உங்கள் வீட்டு வழக்கிற்குப் பொருத்தமான செய்தி ஒன்று: கோட்டாறு மறைமாவட்டம் உருவானது 1930 மே மாதம். ஆயர் மார் இவானியோஸ் தலைமையில் மலங்கரா மறு ஒன்றிப்பு (ரோமையோடு மீண்டும் இணைதல்) நடந்தது அதே 1930 செப்டம்பரில். இரண்டுக்கும் ஒரே வயது.

தக்கலை (மறுபடியும்): மாநாடு எங்களை மதித்தது என்கிறீர்கள். பிறகு ஏன் எங்கள் கோவில்களிலும் லத்தீன் பாணி பவனிகள் புகுந்தன?

நியாயமான வருத்தம். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிழக்குத் திருஅவைகளைப் பற்றிய ஏட்டை 1964 நவம்பர் 21 அன்று வெளியிட்டது. பம்பாய் மாநாடு தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. காலப்போக்கில் தங்கள் மரபைவிட்டு விலகிப்போனவர்கள் மூதாதையரின் அந்த மரபுக்குத் திரும்ப முயல வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது. எதை மீட்பது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்க வேண்டியது உங்கள் ஆயர் மாமன்றம். என்னிடமோ குழித்துறைத் தம்பியிடமோ அந்த அதிகாரம் இல்லை. இந்த வழக்கில் இனி வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதமாட்டேன். வந்தவை ஏராளம், பாதி கேள்விகளில் அன்பே இல்லை.

கடியபட்டணம்: நள்ளிரவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நன்மை (நற்கருணை) வாங்கினோம் என்று பாட்டி சொல்கிறார். அது எப்போது மாறியது?

பாட்டி சொல்வது உண்மை. தண்ணீர் குடிப்பது நன்மைக்கு முந்திய நோன்பை முறிக்காது என்று 12-ஆம் பத்திநாதர் 1953-இல் அறிவித்தார். 1957-இல் நோன்பு மூன்று மணி நேரமாகக் குறைந்தது. ஒரு மணி நேரமாக்கியவர் ஆறாம் பவுல். அதுவும் அந்த 1964 நவம்பர் 21 அன்றுதான். விடியுமுன் கடலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து திருப்பலி காண்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று பாட்டியிடமே கேளுங்கள். சிறுபிள்ளைகளுக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை) கிடைத்த கதையும் இதுபோன்றதுதான். புத்தி தெளியும் வயதான ஏழு வயதளவில் கொடுக்கலாம் என்று 1910-இல் பத்தாம் பத்திநாதர் திறந்துவிட்டார்.

தேங்காய்ப்பட்டணம்: நம் மாவட்டத்து மறைசாட்சி புனித தேவசகாயம் இந்த மாநாடுகளின் பாதுகாவலரா?

இல்லை. 1897 முதல் புனித பாஸ்கால் பைலோன். ஸ்பெயின் நாட்டு ஆடு மேய்ப்பர், பிறகு பிரான்சிஸ்கன் சகோதரர்.

திங்கள்நகர்: நற்கருணையைக் கையில் வாங்குவது பாவமா?

இல்லை. உங்கள் மறைமாவட்டத்தில் ஆயர் அனுமதித்த முறையில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் தீர்ப்புகளை வாசிக்காதீர்கள்.

நித்திரவிளை: 2024-இல் அமெரிக்காவில் நடந்ததுதானே போன உலக மாநாடு?

இண்டியானாபொலிசில் நடந்தது அந்த நாட்டின் தேசிய மாநாடு. 53-ஆவது உலக மாநாடு அதே ஆண்டு செப்டம்பரில் ஈக்வடாரின் கீட்டோ நகரில் நடந்தது.

குலசேகரம்: அரசே பவனியைத் தடுத்த மாநாடு ஒன்று உண்டாமே?

லண்டன், 1908. நற்கருணையைத் தெருவில் எடுத்துச் செல்லக்கூடாது என்று பிரதமர் அஸ்குவித்தின் அரசு கடைசி நேரத்தில் தடுத்தது. கத்தோலிக்கர்கள் கலகம் செய்யவில்லை. கர்தினால்களும் ஆயர்களும் நற்கருணை இல்லாமலே தெருக்களில் நடந்தார்கள்; முடிவில் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் மாடத்திலிருந்து கீழே நின்ற மக்களுக்கு நற்கருணை ஆசீர் வழங்கப்பட்டது. பவனிப் பாதை எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று வழக்குப் போடும் நம் ஊர்க் கமிட்டிகள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

இனயம்: ஆழ்கடலில் வாரக்கணக்கில் இருக்கிறோம். ஞாயிறு திருப்பலியே கிடைப்பதில்லை. எங்களுக்கு மாநாடு எதற்கு?

திருப்பலிக்கு வர இயலாத நிலையில் இருப்பவர்களை ஞாயிற்றுக் கடன் கட்டாயப்படுத்தாது மக்களே. அதனால் குற்ற உணர்வோடு கடலில் இருக்காதீர்கள். படகில் ஞாயிற்று நற்செய்தியை வாசியுங்கள், ஆன்ம நன்மை வாங்கும் (நற்கருணையை மனத்தால் ஏற்கும்) செபத்தைச் சொல்லுங்கள். கரைக்கு வந்ததும் வார நாள் திருப்பலிக்குப் போங்கள். மாநாட்டு வாரத்தில் கடலிலிருப்பவர்களுக்கென்று இரவு ஆராதனை வைக்கும்படி உங்கள் பங்குத்தந்தையிடம் இப்போதே கேட்டுவையுங்கள். நீங்கள் கேட்டால் மறுக்கமாட்டார்.

களியக்காவிளை: சிட்னிக்கு முன்பதிவு செய்ய யாரிடம் பணம் கட்டலாம்?

யாரிடமும் கட்டாதீர்கள். மேலே எழுதியிருக்கிறேன்.