வால்பாறை எஸ்டேட் ரோட்டுக்குப் பழைய டஸ்டர் ஆல் வீல் டிரைவ் சரிவருமா?

கேள்வி: வால்பாறையில் ஒரு எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன். மெயின் ரோட்டிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு 3 கி.மீ. மண் ரோடு, நல்ல ஏற்றம். மழைக்காலத்தில் என் சின்ன கார் பாதியில் நின்று சக்கரம் சுற்றுகிறது. 2016 மாடல் ரெனோ டஸ்டர் டீசல், ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இழுக்கும் வகை), 95,000 கி.மீ. ஓடியது, விலைக்கு வருகிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: உங்கள் ரோட்டுக்கு ஏற்ற வண்டிதான். வாங்கப் போகும்போது முதலில் நான்கு டயர்களையும் பாருங்கள். காரணம் இருக்கிறது.

இந்த வண்டியில் பின்சக்கரங்களுக்கு விசையை அனுப்புவது, பின் டிஃபரன்ஷியலுக்கு (இரண்டு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டிக்கு) முன்னால் இருக்கும் ஒரு கப்ளிங். கிளட்ச் போலப் பிடிக்கும், விடும். இதற்கான சுவிட்சை 'ஆட்டோ'வில் வைத்தால், முன்சக்கரம் வழுக்கும்போது தானாகப் பிடிக்கும். 'லாக்'கில் வைத்தால் முன்னும் பின்னும் பாதிப் பாதி. இப்போது முன்னால் புது டயர், பின்னால் பட்டன் தேய்ந்த டயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மி.மீ. தேய்மானம் இருந்தாலே, தேய்ந்த சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 7 சுற்று கூடுதலாகச் சுற்றும். நேர் ரோட்டில் போனாலும் இந்த வித்தியாசத்தைக் கப்ளிங்தான் வழுக்கி வழுக்கித் தாங்க வேண்டும். சூடாகிச் சூடாகி ஒருநாள் போய்விடும். ஆகவே நான்கும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும்.

அப்புறம் காலியான தார்த் தரையில், ஆட்டோவில் வைத்து, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஒரு வட்டம் அடியுங்கள். வண்டி வெட்டி இழுத்தாலோ பின்னால் 'டொக் டொக்' என்றாலோ விட்டுவிடுங்கள். லாக்கில் இதைச் செய்தால் நல்ல வண்டியும் இறுகத்தான் செய்யும். லாக் என்பது சேற்றுக்கும் ஈரப் புல்லுக்கும் மட்டும். தார் ரோட்டிலும் அதிலேயே ஓட்டியவர்களிடமிருந்து வாங்க வேண்டாம்.

இன்ஜினைப் பற்றி அதிகக் கவலை வேண்டாம். 1.5 லிட்டர், 110 குதிரைத் திறன் டீசல். இதே குடும்ப இன்ஜின் நிசான் சன்னி, டெரானோவிலும் இருந்ததால் பழகிய மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட். அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்துவிடும், செலவு பெரிது. மாற்றியதற்கு பில் இல்லையென்றால், வாங்கிய வாரமே பெல்ட்டையும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

கப்ளிங், பின் டிஃபரன்ஷியல் விஷயம் வேறு. இங்கே இந்த ஆல் வீல் டிரைவ் மாடல் 2014இல் வந்து, 2020இல் பி.எஸ். 6 புகை விதியோடு நின்றுபோனது. விற்றதே கொஞ்சம்தான், உதிரிக்கு அலைய வேண்டியிருக்கும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஓட்டும் விதத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் கியர் மிகக் குட்டையானது. சமதளத்தில் இரண்டாவதிலேயே கிளப்பலாம். சேற்று ஏற்றத்துக்கு முன்பே லாக்கைப் போட்டு, முதல் கியரில், கிளட்சை முழுக்க விட்டு ஏறுங்கள். பாதிக் கிளட்சில் நின்று நின்று ஏறினால் கிளட்ச் தட்டு கருகும். இறக்கத்தில் அதே முதல் கியர் வண்டியைப் பிடித்து இறக்கும். ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கிறது என்பதற்காக, பிரேக் மற்ற கார்களைவிடச் சீக்கிரம் பிடித்துவிடாது. ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், மழையில், எந்தக் காரையும் போலவே இதுவும் வழுக்கும்.

ஆர்.சி. 2031 வரை செல்லும். முன்பணம் கொடுப்பதற்கு முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி, பின் டிஃபரன்ஷியலில் ஆயில் கசிவு இருக்கிறதா, பின்னுக்கு விசை கொண்டுபோகும் நடு ஷாஃப்டின் ஜாயிண்ட் ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். விற்பவர் லிஃப்டில் ஏற்ற மறுத்தால் அடுத்த வண்டியைத் தேடுங்கள்.