ஒரே அளவுக் கல் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அதிகாரி, சிப்பாய் என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கல். பெரிய வீட்டுப் பிள்ளைகளும் போரில் இறந்திருப்பார்களே? அவர்கள் உடலைக் குடும்பத்தார் சொந்த ஊருக்குக் கொண்டுபோகவில்லையா? தனியாக நினைவிடம் எழுப்ப விடவில்லையா?

– கே.

அன்புள்ள கே.,

கொண்டுபோனார்கள். அதனால்தான் தடையே வந்தது. நீங்கள் பார்த்த கல்லறைகள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தவை. ஆனால் விதி பிறந்தது முதல் போரில்.

வில்லியம் கிளாட்ஸ்டன், நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமராக இருந்தவரின் பேரன். தாத்தாவின் பெயரும் வில்லியம்தான். பேரன் 1885இல் பிறந்தவர், எம்.பி., வேல்ஸின் ஹவார்டன் பண்ணைக்கு உரியவர். ராயல் வெல்ச் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவில் லெப்டினன்டாகப் பிரான்சுக்குப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1915 ஏப்ரல் 13 அன்று மறைந்திருந்து சுட்டவனின் குண்டுக்கு இரையானார். வயது 29. மேலிடத்து அனுமதி வாங்கி, புதைத்த உடலைத் தோண்டியெடுத்து ஹவார்டன் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். ஒரு சிப்பாயின் தாய்க்கு இது நடக்குமா? கல்லறைகளைப் பதிவுசெய்துகொண்டிருந்த ஃபேபியன் வேர் எதிர்த்தார். அந்த ஆண்டே உடல்களை ஊருக்கு அனுப்புவது நின்றது.

அனுமதித்திருந்தாலும் பலருக்குப் பயன் இருந்திருக்காது. அப்போது ஆளுக்கு, பெயரும் விவரமும் பொறித்துக் கழுத்தில் அணியும் ஓர் அடையாள வில்லைதான். இறந்ததற்குச் சான்றாக அதைக் கழற்றிவிட்டால் உடல் பெயரற்றதாகிவிடும். 1916இல்தான் இரண்டு வில்லைகள் வந்தன: சிவப்பு வட்டத்தைக் கழற்றிக்கொள்ள, பச்சை எண்கோணம் உடலோடு இருக்க. அவையும் அழுத்திய நாரால் ஆனவை, ஈரமண்ணில் மக்கின.

1917இல் போர்க் கல்லறை ஆணையம் அமைந்தது. கல்லின் அளவு உயரம் 813 மி.மீ., அகலம் 381, தடிமன் 76. தலைப்பகுதி லேசாக வளைந்திருப்பது மழைநீர் தேங்காமல் வழியத்தான். படைப்பிரிவின் சின்னம், பதவி, பெயர், தேதி, வயது, அடியில் குடும்பத்தார் தரும் வாசகம்.

சமத்துவம் நுணுக்கத்தில் இடறியது இந்த வாசகத்தில்தான். இடைவெளி உட்பட 66 எழுத்துதான் எல்லை, எழுத்துக்கு மூன்றரை பென்ஸ். முழுதும் நிரப்பினால் 19 ஷில்லிங் 3 பென்ஸ் (ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்). சாதாரணக் காலாட்படைச் சிப்பாயின் அடிப்படைக் கூலி நாளுக்கு ஒரு ஷில்லிங். பிறகு விருப்பமிருந்தால் கொடுக்கலாம் என்று தளர்த்தினார்கள். நியூசிலாந்து இன்னும் கறாராக நடந்துகொண்டது: வாசகமே வேண்டாம் என்றது. இன்னொரு விரிசலும் உண்டு. முதல் போர்க் கல்லில் சிப்பாய்க்குப் படை எண் இருக்கும், அதிகாரிக்கு இருக்காது. சாவுச் செய்திகூட அதிகாரி வீட்டுக்குத் தந்தியாக வந்தது, சிப்பாய் வீட்டுக்கு அச்சடித்த படிவமாகத் தபாலில்.

எதிர்ப்பும் கடுமையாகவே இருந்தது. மூன்று மகன்களைப் பறிகொடுத்த சீமாட்டி ஃபுளோரன்ஸ் சிசில், கல்லுக்குப் பதில் சிலுவை வைக்க அனுமதி கேட்டு ஆயிரக்கணக்கானோரின் கையெழுத்தைத் திரட்டினார். 1920 மே மாதம் நாடாளுமன்றம் விவாதித்தது. ஆணையத்தின் கொள்கை நிலைத்தது. அந்தத் தாய்மார்களின் பக்கமும் நியாயம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது. மகனின் கல்லறை அரசாங்கச் சொத்தாவதை யார் எளிதில் ஏற்பார்கள்?

தனி நினைவுச்சின்னம் கேட்டீர்கள். கல்லறையில்தான் தடை, ஊரில் இல்லை. வசதியுள்ளவர்கள் தேவாலயச் சுவரில் பித்தளைப் பட்டயம் பதித்தார்கள், பள்ளியில் பரிசு நிறுவினார்கள். கல் நட்டபோது பிடுங்கிய, அதுவரை கல்லறைக்கு அடையாளமாக நின்ற பழைய மரச் சிலுவையைக் கேட்ட குடும்பங்களுக்கு ஆணையம் கொடுத்தது. இங்கிலாந்தின் கிராமத் தேவாலயங்கள் பலவற்றில் அவை இன்னும் இருக்கின்றன. கால்பகுதியில் மண்ணில் புதைந்திருந்த கறையோடு.